எல்லைக்கோட்டில் விழுந்த முடிச்சு

கட்டம்மாவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இதை யாரும் புறம்பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளே ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிற விஷயம்தான். “வேலை தெரிஞ்சவளுக்குக் கொஞ்சம் திமிர் இருந்தா என்ன, குடியா முழுகிடும்?” என்பாள். குடி முழுகவில்லை. ஆனால் ஒரு தடவை முழுகப் பார்த்தது. அவள் குடிகூட இல்லை, அவள் தம்பியின் குடி.

அவள் வேலை, தாரைகளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது. கருந்துளை தன்னைச் சுற்றிக் குவிகிற வாயு முழுவதையும் விழுங்கிவிடுவதில்லை. ஒரு பங்கை மேலும் கீழுமாகப் பீய்ச்சித் துப்பிவிடும். அந்தத் தாரை ஒரு விண்மீன் மண்டலத்தையே தாண்டி ஓடும். அவ்வளவு பெரிய சங்கதியைக் கணினிக்குள் எப்படி அடைப்பது? கட்டம் கட்டமாக வெட்டித்தான். ஒரு கட்டத்துக்குள் வாயுவுக்கு ஒரே அடர்த்தி, ஒரே வேகம், ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு பாய்கிறது என்று கணக்குப் போட வேண்டும். பிறகு நேரத்தை ஒரு துளி நகர்த்தி, மறுபடியும் அதே கணக்கு. போடுவது கணினி என்றாலும், கட்டத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு பெரிதாக வெட்டுவது, பாய்ச்சலை எந்த முறையில் கணக்கிடுவது என்பதெல்லாம் மனிதர் கையில்தான் இருக்கிறது. இதில் யார் கோட்டைவிட்டாலும் திரையில் படம் வரும், அழகாகவே வரும். அதுதான் ஆபத்து. அதனால் எவர் எந்தப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், “முதல்ல கட்டத்தைக் காட்டு, அப்புறம் கதை பேசு” என்பாள். அப்படி விழுந்த பட்டப்பெயர்தான் கட்டம்மா. கூப்பிட்டவர்கள் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார்கள். அவளோ பட்டம் கொடுத்த மாதிரி அதைச் சூடிக்கொண்டாள்.

அவள் புகழுக்குக் காரணம் ஒரு முடிச்சு. அவள் ஓட்டிய தாரை பாதி வழியில் இறுகிச் சுருங்கி, அந்த இடத்தில் பளீரென்று ஒளிர்ந்தது. இதுவரை எந்தத் தொலைநோக்கியும் உற்றுப் பார்க்காத ஒரு தாரையில், இன்ன இடத்தில் ஓர் ஒளி முடிச்சு இருக்கும் என்று அவள் எழுதினாள். எழுதிய கையோடு நின்றாளா? இல்லை. கட்டங்களை எல்லாம் பாதி அளவுக்குச் சின்னதாக்கி மறுபடி ஓட்டினாள். முடிச்சு அதே இடத்தில், முன்னைவிடக் கூர்மையாக நின்றது. வேறு வேறு நாடுகளில் மூன்று குழுக்கள் தாங்களும் ஓட்டிப் பார்த்து, “ஆமாம், இருக்கிறது” என்று எழுதின. அப்புறம் கேட்க வேண்டுமா? கட்டம்மா தரையில் நடந்தாளா, காற்றில் நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அவள் தம்பி தொலைநோக்கி ஆள். ஊரின் மறு கோடியில் உள்ள வானாய்வகத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. பெரிய தொலைநோக்கியில் பார்க்க அவனுக்கு நேரம் கிடைத்தால் வேலை நீளும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று துறைத் தலைவர் வாய்விட்டே சொல்லியிருந்தார். நேரம் கேட்கிற விண்ணப்பம் அடுத்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். விண்ணப்பம் முழுக்க அக்காவின் முடிச்சுதான். அது அங்கே இருக்கிறதா என்று முதன்முதலாகப் பார்த்துச் சொல்லப்போகிறவன் தான்தான் என்று எழுதி வைத்திருந்தான்.

இந்த நிலைமையில் ஆய்வகத்து முகப்புக் கூடத்தில், சுவர் உயரத்துக்கு அவளுடைய தாரைப் படத்தை மாட்டுவது என்று முடிவாயிற்று. அச்சுக்குத் தயார் செய்ய, வடிவமைக்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு படத்தைத் தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள்.

“படம் அருமையா இருக்கு மேடம். ஆனா பாக்கறவங்க ஏதோ போட்டோன்னு நினைச்சுடுவாங்க. கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு தெரியணும்ல? அந்தக் கட்டம் கட்டமா கோடு இருக்குமே, அதையும் மேல போட்டுக் குடுங்களேன். எடுப்பா இருக்கும்.”

கட்டத்தைக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால் கட்டம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அப்போதே உட்கார்ந்து கோடுகளை வரவழைத்தாள்.

தாரை கிளம்புகிற இடத்தில் பொடிப்பொடிக் கட்டங்கள். கடைசி வரை அப்படியே பொடியாக வெட்டினால் கணினி தாங்காது. அதனால் ஓரிடத்துக்கு அப்பால் பெரிய கட்டங்கள். எல்லாரும் செய்வதுதான். பொடிக் கட்டம் முடிந்து பெரிய கட்டம் தொடங்குகிற அந்த எல்லைக்கோடு, முடிச்சின் மேலேயே விழுந்திருந்தது. பக்கத்தில் இல்லை, சற்றுத் தள்ளி இல்லை. மேலேயே.

கோடுகளை அழித்துவிட்டு மறுபடி வரவழைத்தாள். அதே இடம்தான்.

“என்ன மேடம், கலர் சரியா வரலையா?”

“கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க அடுத்த வாரம் வாங்களேன். எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு” என்று அவளை அனுப்பிவைத்தாள்.

சின்ன வேலையாம்! கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தானே வக்கீலாகி வாதாடிப் பார்த்தாள். கோடு எங்காவது விழத்தானே வேண்டும், தற்செயலாக அங்கே விழுந்திருக்கக் கூடாதா? கட்டத்தைப் பாதியாக்கியும் முடிச்சு அசையவில்லையே? கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. பாதியாக்கினாள், சரி. எல்லைக்கோட்டை நகர்த்தினாளா? இல்லை. பொடிக் கட்டம் இன்னும் பொடியானது, பெரிய கட்டம் கொஞ்சம் சிறுத்தது, கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பொடிக் கட்டங்களுக்குள் நெளிந்து வருகிற குட்டி அலைகளுக்குப் பெரிய கட்டங்களில் இடம் கிடையாது. அகலத் தெருவில் வந்த கூட்டம் ஒற்றை வாசலில் முட்டிக்கொள்வதுபோல அவை எல்லையில் முட்டித் திரும்பி, அங்கேயே வாயுவை நெருக்கி, சூடேற்றி, ஒளிரவைத்திருக்கலாம். இருக்கலாம். சந்தேகம் சந்தேகமாகவே இருக்கட்டும், கையில் சாட்சி வேண்டும். எல்லைக்கோட்டை நன்றாகத் தள்ளிப் போட்டு ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். முடிய இரண்டு மூன்று நாளாகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வீட்டில் சாப்பாடு. தம்பி அம்மாவோடுதான் இருக்கிறான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“அக்கா, இங்க பாரு. முதல் பக்கத்துலயே உன் படம். கமிட்டிக்காரங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கப் போறாங்க.”

“நல்லாருக்குடா” என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நல்லாருக்காவது! இதுக்கு மேல ஒரு விண்ணப்பம் எவன் எழுதுவான்? உன் முடிச்சாலதான் எனக்குப் பொழப்பே ஓடப்போகுது.”

அம்மா தட்டுகளை வைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சின்ன வயசுல ஒரு பென்சிலுக்கு அடிச்சுக்கிட்டு ரெண்டும் ரெண்டு மூலையில உக்காந்திருக்கும். இப்ப ஒண்ணா சேந்து ஒரு காரியம் பண்றீங்க. பாக்கவே நெஞ்சு நெறஞ்சு போச்சு, போ.”

கட்டம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி அவன் வயிற்றில் அடிப்பானேன்? ஓட்டம் முடியட்டும் என்று தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். “என்னடி, கணக்குல ஏதாவது தகராறா? மூஞ்சி சுண்டிக் கிடக்கு” என்று அம்மா கேட்டதற்கு, “தலைவலிம்மா” என்று பொய் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை படம் வந்துவிட்டது. முடிச்சு பழைய இடத்தில் இல்லை. எல்லைக்கோடு போன வழியே நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போய், புதிய இடத்தில் பளீரென்று உட்கார்ந்திருந்தது.

அவள் அழவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் அந்த மூன்று குழுக்கள்? மூவருக்கும் கண் அவிந்தா போயிற்று? அவர்கள் கட்டுரையோடு வெளியிட்டிருந்த அமைப்புக் கோப்புகளைத் திறந்தாள். எந்த இடத்தில் என்ன கட்டம் என்று கணினிக்குச் சொல்லும் கோப்புகள் அவை. மூன்றிலும் எல்லை ஒரே இடத்தில் இருந்தது. அவள் போட்ட இடத்தில். அது மட்டுமா? அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் தனக்காகக் கிறுக்கி வைத்த குறிப்பு, “இப்போதைக்கு இது போதும், பிறகு பார்க்கலாம்” என்பது, மூன்று கோப்புகளிலும் அப்படியே இருந்தது. அவள் பொதுவில் போட்டு வைத்திருந்த கோப்பை எடுத்து, ஒரு புள்ளிகூட மாற்றாமல் ஓட்டி, “நாங்களும் கண்டோம்” என்று எழுதியிருக்கிறார்கள். சரியான ஈயடிச்சான் காப்பி.

“சொந்தமா ஒரு கட்டம் வெட்டத் துப்பில்லையா உங்களுக்கெல்லாம்!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பார்க்கலாம் என்று எழுதியவள் பிறகு பார்த்தாளா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். மனிதர் நல்லவர், யாருக்கும் நோகாமல் பேசுகிறவர். இரண்டு படங்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவசரப்படாதீங்க. மூணு குழு சரின்னு சொல்லியிருக்கு. மூணு பேரும் தப்பா?”

“மூணு பேர் இல்ல சார். நான் ஒருத்தியேதான், நாலு தடவை.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சரி, தப்புன்னே வச்சுக்குவோம். உங்க தம்பி விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போகுதுன்னீங்க. அது போகட்டும். நேரம் கிடைக்கட்டும். அப்புறமா ஒரு திருத்தம் எழுதி அனுப்பிட்டாப் போச்சு. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம். யாருக்கும் நஷ்டமில்ல.”

“எனக்கு நஷ்டம் சார்” என்றாள் அவள். “இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது அந்தக் கோட்டை நகத்திப் பாப்பான். என் தப்பை இன்னொருத்தன் கண்டுபிடிச்சு எனக்கே வந்து சொல்றதா? உசிரே போனாலும் விட மாட்டேன். நான் செஞ்ச தப்பை நான்தான் கண்டுபிடிக்கணும், நான்தான் முதல்ல சொல்லணும்.”

நேர்மை, நியாயம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை என்பதை இயக்குநர் கவனித்திருப்பார். திமிர்தான் பேசியது. அதுவும் நல்ல பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் தம்பியின் முகம் கண் முன் வந்து நின்றது. திமிர் பாதியாகக் குறைந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானம் வானாய்வகத்துக்குப் போனாள். தம்பிக்கு அங்கே ஒரு குறுகலான அறை. மேசை, பழைய திரை, கைப்பிடி உடைந்த கோப்பையில் பேனாக்கள், சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அவள் எதையும் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு படங்களையும் திரையில் போட்டுக் காட்டி, “என் முடிச்சு பொய்டா” என்று சொல்லிவிட்டாள்.

அவன் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை, அதே துறைக்காரன்தானே. பிறகு வெடித்தான்.

“இப்ப வந்து சொல்றியே! எத்தனை மாசமா எழுதிக்கிட்டிருக்கேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை அனுப்பணும். அனுப்பாட்டி எனக்கு வேலை இல்ல. உனக்கென்ன, நிரந்தர வேலை, சுவத்துல படம். தப்பு பண்ணாலும் நீ பெரியவ, தப்பைக் கண்டுபிடிச்சாலும் நீ பெரியவ. நடுவுல நான் தெருவுல நிக்கணுமா?”

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது அவளே எதிர்பார்க்காத பேச்சு.

“இதோ பாருடா. நீ வேண்டாம்னா நான் இப்ப யார்கிட்டயும் சொல்லல. உன் விண்ணப்பம் போகட்டும், நேரம் கிடைக்கட்டும், உன் வேலை நிக்கட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். அதுக்குள்ள வேற எவனாவது கண்டுபிடிச்சு என் மூக்கை அறுத்தாலும் பரவாயில்ல. நீ என்ன சொல்றியோ அதுதான்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். தலை போனாலும் தணிந்து போகாதவள் அவன் அக்கா. சின்ன வயதில் தோற்ற ஆட்டத்தைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளா இப்படிச் சொல்கிறாள்?

“நீயா? நீ வாயை மூடிக்கிட்டு இருப்பியா?”

“இருப்பேன். கஷ்டந்தான். இருப்பேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற முகத்தில் கண்ணீரும் வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நீ வாயை மூடிக்கிட்டு நான் ஒரு வேலையில ஒட்டிக்கிட்டு இருக்கணுமா? அந்தக் கண்றாவி எனக்கு வேண்டாம்கா. அதோட, பொய்யின்னு தெரிஞ்ச இடத்தைப் பாக்க டெலஸ்கோப்பைத் திருப்பச் சொல்லிக் கேக்குறவனும் நான் இல்ல. சரி, சொல்லு. அந்த இடத்துல என்னதான் இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது.”

“அதை எழுதுவோம்.”

அந்த வாரம் இரண்டு பேரும் பழையபடி அடித்துக்கொண்டார்கள், ஆனால் ஒரே மேசையில். ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் சண்டை. முதல் பக்கத்தில் கோடு போட்ட அந்தப் படம். பக்கத்தில் கோட்டை நகர்த்திய படம். ‘எல்லாரும் கண்டதாகச் சொல்லும் இந்த முடிச்சு வானத்தில் இல்லை, எங்கள் கட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தால் தவறு எங்கள் இருவருடையது’ என்று தம்பி எழுதினான். இதைப் படித்துவிட்டு யாராவது நேரம் கொடுப்பார்களா என்று அவனுக்கே நம்பிக்கையில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு அக்காவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கே கட்டம்மா தன் கட்டுரை தவறு என்று வெளிப்படையாக எழுதிவிட்டாள். முகப்புக் கூடத்துச் சுவர் வெறும் சுவராகவே நின்றது.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பொய் முடிச்சு போயிற்று, சரி. மெய்யாக அந்தத் தாரை என்ன செய்கிறது? ஆய்வகத்தின் பெரிய கணினியில் தன் பங்குக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் கொட்டி, தாரையின் அடியிலிருந்து நுனி வரை பொடிக் கட்டங்களையே போட்டு ஓட்டினாள். இந்தத் தடவை ஒரு முறையோடு நிறுத்தவில்லை. கட்டத்துக்குக் கட்டம் பாய்ச்சலைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு. ஒன்று மொத்தை முறை. எதையும் கொஞ்சம் தேய்த்து மழுப்பிவிடும், ஆனால் நடுவழியில் கணக்கு கவிழாது. இன்னொன்று கூர்மையான முறை. சின்னச் சுழிப்பைக்கூட விடாது, ஆனால் தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அது எத்தனை தடவை கவிழ்ந்தது, இவள் எத்தனை தடவை திட்டிக்கொண்டே தூக்கி நிறுத்தினாள் என்பது பக்கத்து அறைக்காரருக்குத்தான் தெரியும். அந்த ஆள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

இரண்டு முறையிலும் பழைய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டிலும் தாரை அதற்கு அப்பால் நெளியத் தொடங்கி, வளைகிற இடத்தில் ஒளிர்ந்தது. ஆனால் எங்கே வளைகிறது என்பதில் ஒத்துப்போகவில்லை. கூர்மையான முறையில் சீக்கிரமாக, மொத்தை முறையில் வெகு தூரம் போன பிறகு. பழைய கட்டம்மாவாக இருந்தால் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இன்ன இடம் என்று விரலை வைத்திருப்பாள். இப்போது, இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எங்கோ, அதற்கு மேல் என் கணக்குக்குத் தெரியாது என்று எழுதினாள். அப்படி எழுதியதில் அவள் தலைக்கனம் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. எனக்கு எதுவரை தெரியும் என்று எனக்குத் தெரியும், வேறு எவனுக்கு அது தெரியும் என்று இன்னொரு பெருமை சேர்ந்துகொண்டது.

நேரம் ஒதுக்கும் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பத்தைப் பற்றிச் சில கேள்விகள் இருக்கின்றனவாம், திரையில் பேச வேண்டுமாம். தம்பி பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். குழுவின் தலைவர் வயதான பெண்மணி. அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், ஓரத்துச் சதுரத்தில் இருந்த தாடிக்காரர் ஒருவர் குறுக்கே புகுந்தார். முடிச்சை உறுதிசெய்த மூன்று குழுக்களில் ஒன்றின் தலைவர் அவர்.

“இது நல்லா இல்லைங்க. இவங்க தன் கட்டுரை தப்புன்னு சொல்லிக்கலாம், அது அவங்க இஷ்டம். நாங்க தனியா ஓட்டிப் பாத்தோம். எங்களுக்கும் முடிச்சு வந்துச்சு. எங்க வேலையையும் தப்புன்னு சொல்ல இவங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

தம்பி மேசைக்கடியில் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினான், பேசாதே என்று. அது நடக்கிற காரியமா?

“ஐயா, ஒரே ஒரு கேள்வி” என்றாள். “உங்க கட்டத்தோட எல்லை எங்க இருக்கு?”

“அது... கோப்புல இருக்கு. பாத்துத்தான் சொல்லணும்.”

“பாருங்க. நாங்க காத்திருக்கோம். எல்லை போட்டிருக்கற வரிக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கும், அதையும் படிங்க.”

தாடிக்காரர் தேடினார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

“சத்தமாப் படிங்களேன்” என்றார் தலைவர்.

“‘இப்போதைக்கு இது போதும், பிறகு பார்க்கலாம்.’”

“அது என் எழுத்துங்கய்யா” என்றாள் கட்டம்மா. “நீங்க முடிச்சை உறுதி செய்யல. என் சோம்பேறித்தனத்தைத்தான் உறுதி செஞ்சிருக்கீங்க. உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சு, இப்ப இல்ல. நான் அந்தக் கோட்டை நகத்திப் பாத்திருந்தா உங்களுக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது. வேணும்னா இப்பவே நகத்திப் பாருங்க, எல்லாத்தையும் அனுப்பி வைக்கறேன்.”

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். தாடிக்காரரும் கடைசியில், முகம் சிவந்து, தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். கேட்டதில் பாதி நேரம்தான் கிடைத்தது. துறைத் தலைவர் தம்பியைக் கூப்பிட்டு, “பாதி நேரத்துக்குப் பாதி வாக்குறுதிதான் தம்பி. படம் வரட்டும். நீங்க சொன்ன மாதிரி இருந்தா வேலை நீடிக்கும், இல்லாட்டி நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல” என்று கையை விரித்தார்.

படம் வந்த அன்று நல்ல வெயில். வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிற கார்களெல்லாம் கண்ணைக் கூசவைத்தன. தம்பி சன்னல் திரையை இழுத்துவிட்டான். தொலைநோக்கி அனுப்பியதைக் கழுவித் துடைத்துப் படமாக்கும் வேலையை அவன் தன் கையாலேயே செய்திருந்தான், ஆனால் அக்கா வரும் வரை முழுதாகத் திறந்து பார்க்கவில்லை. “எனக்குத் தைரியம் இல்ல, நீயும் இரு” என்று போனில் சொல்லியிருந்தான்.

தாரையின் அடியிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனான். ஒளிரும் மையம். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய இழை. பழைய இடம் வருகிற நேரத்தில் நிறுத்திவிட்டான்.

“நீ நகத்து.”

அவள் நகர்த்தினாள். இழை ஒரே சீராகப் போயிற்று. இறுகவில்லை, சுருங்கவில்லை, ஒளிரவில்லை. அந்த இடம் வந்தது, போயிற்று. திரும்ப வந்து, உருப்பெருக்கி, நிறத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. அதற்கு அப்பால், இன்னும் கொஞ்ச தூரம் போய், இழை லேசாக வளைந்தது. வளைவில் மங்கலாக ஓர் ஒளித் திட்டு. அவள் குறித்திருந்த இரண்டு ஓரங்களுக்கு நடுவில், கூர்மையான முறை சொன்ன பக்கமாக அது இருந்தது. இதை அவள் பிறகுதான் அளந்தாள். அப்போது அவள் பார்வை அந்த வெறும் இடத்தை விட்டு நகரவில்லை. அவ்வளவு அழகான வெறும் இடத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பெருமை தாங்காமல் அவளுக்கு மூச்சு முட்டிற்று.

தம்பியின் போன் அடித்தது. துறைத் தலைவர். படம் வந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன தம்பி, அங்க ஏதாவது தெரியுதா?” என்று அவர் கேட்டது அவளுக்கும் கேட்டது.

“ஒண்ணுமே இல்ல சார்!” என்று தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினான். “சுத்தமா ஒண்ணுமே இல்ல சார்! துடைச்சு வச்ச மாதிரி இருக்கு சார்!”

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் வந்தது. “அப்ப நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்றார்.

தம்பி போனைக் கையில் பிடித்தபடி அக்காவையே பார்த்தான். கட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“சார், வணக்கம். நான் இவன் அக்கா பேசறேன்” என்றாள். “அங்க ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னது நான்தான் சார்.”